பாட்டிலுக்கு மூஞ்சி கிடையாது

ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது என் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அழகுப் பைத்தியம் என்று அம்மா திட்டுவாள். அழகுக்காக இல்லை. இருக்கிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். இந்த முகம் இன்றைக்கு முழுசாக இருப்பதற்கு ஒரு மனிதர் காரணம். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அது வெந்துபோக இருந்ததற்கும் அதே மனிதர்தான் காரணம். பாதிக் காரணம். மீதிப் பாதி யார் என்பதை இத்தனை நாளும் நான் வாய் திறந்து சொன்னதில்லை.

அவரை நாங்கள் ‘லேப் சார்’ என்று கூப்பிட்டோம். பெயர் தெரியும், எழுதப் போவதில்லை. படத்தின் கடைசியில் அவர் பெயரைப் போடாதவர்கள் நாங்கள். இங்கே மட்டும் போட்டு என்ன ஆகப்போகிறது?

படம் என்றதும் தியேட்டரில் ஓடிய படம் என்று நினைத்துவிட வேண்டாம். நான் அப்போது சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங்கும் ஸ்டிக்கர் பிரிண்டிங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண ஆல்பத்துக்கு அட்டை அடிக்க ஒரு வீடியோகிராபர் வருவார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவர் டைரக்டர். யூடியூபில் சொந்த சேனல். எடுப்பதெல்லாம் ஒரே மாதிரிப் படம்தான்: கிறுக்குப் பிடித்த விஞ்ஞானி, செத்துப்போன பொண்டாட்டி, அவளுக்கு உயிர் கொடுக்கிற மெஷின், எழுந்து வந்து எல்லோரையும் கடிக்கிற பிணம். ஒரு நாள் கவுண்டரில் நின்றபடி என்னையே உற்றுப் பார்த்தார். எழுந்து ஒரு அறை விடலாமா என்று நான் யோசிக்கும்போது, “தப்பா எடுத்துக்காதீங்க மேடம், உங்க ஃபேஸ் டெட் பாடிக்கு அவ்ளோ நேச்சுரலா இருக்கும்” என்றார். பெண் பார்க்க வந்தவன்கூட என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. போய்ச் சேர்ந்துகொண்டேன். மூன்று படத்தில் மூன்று முறை செத்தேன்.

படப்பிடிப்பு, விற்காமல் கிடந்த ஒரு ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும். அதை எங்களுக்குத் திறந்துவிட்டது ஒரு ரியல் எஸ்டேட் புரோக்கர். அதற்குப் பதிலாக விஞ்ஞானி வேஷம் அவருக்கு. தலைமுடியை மேலே தூக்கிச் சீவி, பவுடர் கொட்டி, பல் டாக்டரிடம் கடன் வாங்கிய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வருவார். பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்குவோம். மூளையை மாற்றுகிற மெஷின் ஒரு பழைய வாஷிங் மெஷின். மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கிற மோட்டாரை ரோஸ் மில்க்கில் விட்டால் ரத்தம் கொதிக்கும். புகை வேண்டுமென்றால் சாம்பிராணி. எல்லாம் இருந்தது, கண்ணாடிச் சாமான்தான் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் விஞ்ஞானம் செய்ய முடியும்? அப்படித்தான் லேப் சார் வந்தார்.

ஒரு பள்ளிக்கூடத்தின் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விளிம்பு உடைந்தது, கீறல் விழுந்தது என்று பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட குடுவைகளை எல்லாம் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். முதல் நாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறி, பழைய பனியன்களில் சுற்றிய குடுவைகள் நிறைந்த அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். அதே பஸ்ஸில் நானும் வந்தேன். சீட் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. “உக்காந்தா யாராச்சும் மேல சாய்வாங்கோ மேடம். நின்னா நாம ஒதுங்கிக்கலாம்” என்றார். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ‘கண்ணாடி. 14 உருப்படி. இரண்டில் கீறல்.’ அழகான, அச்சு மாதிரியான கையெழுத்து.

அந்தத் தாள்தான் அவர். அவரைப் பற்றி நான் சொல்லப்போகிற எதுவும் அந்தத் தாளைத் தாண்டி வெளியே போகாது.

சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல், வெள்ளைத் தாள் துண்டுகள், ஒரு கோந்து ட்யூப் எப்போதும் இருக்கும். பேனா மட்டும் இருக்காது. பேனாவை எங்கேயாவது வைத்துவிட்டு, “மேடம், ஒரு நிமிசம் பேனா” என்று என்னிடம் வருவார். சாப்பாட்டு டப்பாவில் லேபிள்: ‘தயிர் சாதம். காலை 6 மணி.’ தண்ணீர் பாட்டிலில் லேபிள்: ‘தண்ணீர். காய்ச்சியது.’ சாப்பிட்டு முடித்துக் கழுவிய டப்பாவில் இன்னொரு லேபிள் ஒட்டுவார்: ‘காலி.’ நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காலி டப்பாவை ஆட்டிப் பார்த்தாலே தெரியாதா சார் என்று கேட்டேன். “ஆட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் வாயில வெச்சிட்டா?” என்றார். காலி டப்பாவை வாயில் வைத்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. உள்ளே இருப்பதும் வெளியே எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், முடிந்தது கதை.

இரண்டாம் நாள் ஒரு கூத்து நடந்தது. புரோக்கர் அண்ணன் ஒரு ஷாட் முடித்து வியர்த்துப்போய் வந்து, ஜன்னலோரம் இருந்த கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி வாய்க்குக் கொண்டுபோனார். எங்கிருந்து வந்தாரோ, லேப் சார் பாய்ந்து வந்து அந்தப் பாட்டிலைத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதி, வெள்ளைக் கோட்டெல்லாம் நாசம்.

“யோவ், இன்னா கொழுப்பா உனுக்கு? யார் மேல கை வெக்கிற?” என்று புரோக்கர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“மோந்து பாருங்க சார்” என்றார் லேப் சார்.

டர்பன்டைன். சுவருக்கு இருட்டு நிறம் அடித்த பெயிண்டர் மிச்சத்தை அதில் ஊற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். புரோக்கர் முகம் செத்துப்போனது. ஆனால் நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. “சொல்லினு தட்டிருக்கலாம்ல” என்று முனகிக்கொண்டு கோட்டைக் கழற்றினார்.

லேப் சார் தரையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “மனுசன் பொய் சொல்லலாம் மேடம். அவன் மூஞ்சியப் பாத்தா கொஞ்சமாச்சும் தெரிஞ்சிபூடும். பாட்டிலுக்கு மூஞ்சி கிடையாது. அதுக்கு நாமதான் எழுதி ஒட்டணும்.”

இதைக் கேட்டு எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பேஜார் பிடித்த மனுஷன் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் லேபிள்கள் என் இலாகா. குறைந்த செலவுப் படத்தில் பிணமும் ஏதாவது வேலை செய்ய வேண்டும் இல்லையா? கடையில் ஸ்டிக்கர் ஷீட்டில் மண்டை ஓடு போட்டு, ‘மனித ரத்தம்’, ‘பாம்பு விஷம்’, ‘காப்பர் சல்ஃபேட்’, ‘நைட்ரிக் ஆசிட்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து எடுத்து வந்து, அலமாரியில் இருந்த பாட்டில்களில் ஒட்டினேன். எல்லாவற்றிலும் கலர் தண்ணீர்தான். மறுநாள் முழுக்க ஷூட் பண்ணி, சாயங்காலம் டைரக்டர் மானிட்டரில் போட்டுப் பார்த்தார். விஞ்ஞானி வெறியோடு சிரிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் பளிச்சென்று ஒரு வெள்ளைத் தாள்: ‘பீட்ரூட் சாறு + மைதா.’ பக்கத்தில் இன்னொன்று: ‘தண்ணீர் + பச்சை கலர் பொடி.’

டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் உழைப்பு முழுக்கக் குப்பை.

“சார், இது மேட் சயின்டிஸ்ட் லேப் சார்! இங்க எவன் சார் பீட்ரூட்னு எழுதி வெப்பான்?”

“உள்ள பீட்ரூட்டுதானே சார் கீது?”

“அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஆடியன்ஸுக்குத் தெரியக்கூடாது!”

லேப் சார் உண்மையிலேயே குழம்பிப்போய் நின்றார். இத்தனை பேர் சேர்ந்து ஒரு பாட்டிலைப் பொய் சொல்ல வைக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவே இல்லை. இதற்கு மேல் இன்னொரு புகாரும் இருந்தது. டேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, “சார், குடுவைய கழுத்தப் புடிச்சி தூக்காதீங்க” என்று குரல் கொடுப்பார். அன்றைக்கு மட்டும் நாலு டேக் அப்படிப் போயிருந்தது. டைரக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கேமரா ஓடும்போது வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். என்னிடம் திரும்பி, “லேபிளுக்கு நீங்க பொறுப்பு மேடம். இன்னொரு தடவை பீட்ரூட் வந்துது, அவ்ளோதான்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. லேப் சாரைத் தனியாகக் கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். “சார், நான் ஒட்டின லேபிள்ல இனிமே நீங்க கை வெக்கக் கூடாது. கிழிக்கக் கூடாது, மேல ஒட்டக் கூடாது. முன்பக்கம் நான் அடிச்சதுதான் தெரியணும்.”

அவர் பாட்டில்களைப் பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார்: “அப்போ உள்ள கீறத மாத்திக்கலாமா மேடம்?”

அந்தச் சமயத்தில் என் ஃபோன் அடித்தது. கடை முதலாளி. ஃபோனைக் காதில் வைத்தபடி, அவரைப் பார்க்காமலே, “உள்ள என்ன வேணா பண்ணிக்கோங்க சார், லேபிள் தெரிஞ்சா போதும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

இதுதான் அந்த மீதிப் பாதி.

அடுத்த வாரம் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! ‘காப்பர் சல்ஃபேட்’ பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அந்த நீலத்தை நான் அதுவரை எந்தக் கலர் பொடியிலும் பார்த்ததில்லை. “மயில்துத்தம் மேடம். சூப்பரா கீது இல்ல?” என்றார். நல்லா இருக்கு சார் என்றேன். ‘மனித ரத்தம்’ பாட்டிலில் ஈ மொய்த்தது. கறிக்கடையில் ஆட்டு ரத்தம் வாங்கி ஊற்றியிருந்தார். மனித ரத்தத்துக்கு அவ்வளவுதான் கிட்டப் போக முடிந்ததாம், அதற்காக என்னிடம் வருத்தம் வேறு தெரிவித்தார். டைரக்டர், “ஆர்ட் டிபார்ட்மெண்ட் கலக்குது” என்றார். கண்ணுக்கு எதிரே ஒவ்வொரு பாட்டிலாக நிஜமாகிக்கொண்டு வந்தது. எங்களில் ஒருவருக்கும் அடுத்த பாட்டிலை நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை ஒரு பழுப்பு நிறப் பாட்டில் கொண்டுவந்தார். கண்ணாடி மூடி போட்டது. ‘நைட்ரிக் ஆசிட்’ லேபிளை என்னிடம் இன்னொரு காப்பி கேட்டு வாங்கி அதன் மேல் ஒட்டினார். பழைய வெள்ளைப் பாட்டிலுக்கு என்ன சார் குறைச்சல் என்றேன். “அதுல வெச்சா வெளிச்சம் பட்டு கெட்டுபூடும் மேடம். இதுக்குப் பழுப்புதான்.” கலர் தண்ணீர் வெளிச்சத்தில் எப்படிக் கெடும் என்று ஒரு கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு தங்க ஆசாரி இருந்தார் என்பதும், நகை வேலைக்கு அந்த ஆசிட் வைத்திருப்பார்கள் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. விஞ்ஞானி தன் பொண்டாட்டிக்கு உயிர் கொடுக்கிற காட்சி. பிண மேக்கப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும். வழக்கமாகக் காலையில் நான்தான் பாட்டில்களைத் துடைத்து லேபிள் முன்பக்கம் தெரிகிற மாதிரி அடுக்குவேன். அன்றைக்கு நேரம் இல்லை, நேராக மேக்கப்பில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குரல்: “மேடம், ஒரு நிமிசம் பேனா.” பையைக் காட்டினேன். கடையில் திருத்தம் போடுகிற பச்சைப் பேனாதான் இருந்தது. எடுத்துக்கொண்டு போனார்.

என்னை மேஜையில் படுக்க வைத்து, கை காலைக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்தார்கள். சுற்றிலும் சாம்பிராணி. காட்சி இவ்வளவுதான்: விஞ்ஞானி ஒரு பீக்கரில் இருக்கிற பச்சைத் தண்ணீரை என் முகத்தில் ஊற்றுவார், நான் கண்ணைத் திறப்பேன். ஆசிட் பாட்டில் அலமாரியில் சும்மா நிற்க வேண்டியது. லேப் சார் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “சார், வாய்?” என்று டைரக்டர் கேட்டதும், அவர் வாயின் மேல் விரலை வைத்துக் காட்டினார் என்று மேக்கப் அக்கா பிறகு சொன்னாள்.

மற்றதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

“எழுந்திரு! எமனே தடுத்தாலும் எழுந்திரு!” என்று புரோக்கர் கத்தினார். பீக்கர் எடுக்கிற சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் கண்ணாடியில் கண்ணாடி உரசுகிற சத்தம் கேட்டது. பீக்கரில் பச்சைத் தண்ணீர் சப்பென்று இருந்ததாம். அலமாரியில் பழுப்புப் பாட்டில், மண்டை ஓட்டு லேபிளோடு கம்பீரமாக நின்றதாம். நடிப்பு வேகத்தில் கை அதற்குப் போய்விட்டது. தப்பு சொல்ல முடியாது. எங்கள் எல்லோருக்கும் அந்த அறையில் இருந்த எல்லாப் பாட்டிலும் தண்ணீர்தான்.

“சூப்பர்ணா, புகை செமயா வருது, அப்படியே கன்டினியூ!” டைரக்டரின் குரல்.

ஸ்டூல் விழுகிற சத்தம். செருப்பில்லாத கால்கள் ஓடிவருகிற சத்தம். “யோவ், யாருய்யா ஃப்ரேம்ல!” என்று டைரக்டர் அலறினார். என் இடது காதுக்குக் கீழே கட்டெறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

என் மூக்குக்கு ஒரு சாண் மேலே இரண்டு கைகள். கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி குவித்து, விரல் இடுக்கு விடாமல் இறுக்கிப் பிடித்திருந்த கைகள். அதற்குள் அது ரொம்பியிருந்தது. கைகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே லேப் சாரின் முகம். அவர் வாய் திறக்கவில்லை. ஐயோ, அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை! புரோக்கர் பாட்டிலை நிமிர்த்திய பிறகுதான், பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“அசையாதீங்க மேடம்.”

கையை அப்படியே விரித்திருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், கை தானாக உதறிவிடும். விரித்திருந்தால் என் மேல் கொட்டியிருக்கும். அவர் உதறவில்லை. குவித்த கைகளை அப்படியே, ஒரு சொட்டு சிந்தாமல், என் முகத்துக்கு மேலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி, மேஜையைத் தாண்டி, மூன்று எட்டு நடந்து, மூலையில் இருந்த சிமெண்ட் சட்டியில் கொட்டினார். நான் எண்ணினேன். மூன்று எட்டு. அதற்குப் பிறகுதான் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த மாதிரி ஒரு சத்தத்தை எங்கள் எந்தப் படத்திலும் யாரும் கத்தியதில்லை.

யாரோ மோர், மோர் என்று ஓடினார்கள். “தண்ணி... நெறய தண்ணி” என்றார் அவர். கேன் தண்ணீரைத் தூக்கி ஊற்றினார்கள். மூன்று கேன் தீர்ந்தது. கட்டு அவிழ்த்து நான் எழுந்து பார்த்தபோது அவர் உள்ளங்கை இரண்டும் மஞ்சளாக இருந்தன. மஞ்சள் பூசின மாதிரி இல்லை, தோலே மஞ்சளாகிவிட்டது. “மேடத்துக்கு காதுகிட்ட கழுவுங்கோ” என்று அந்த நிலைமையிலும் சொன்னார்.

“யோவ், ஷூட்டிங்ல எவன்யா நிஜ ஆசிட்ட வெப்பான்?” என்று புரோக்கர் கத்தினார். பாட்டில் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கீழே வைக்கக்கூட பயம்.

லேப் சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். கேள்வியே புரியாத பார்வை. “அதான் லேபிள்ல போட்டிருந்திச்சே சார்” என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், எப்படி ஆச்சு என்று. டைரக்டர் முந்திக்கொண்டார். “அவரே கொண்டுவந்தார் மேடம். நாங்க யாரும் கேக்கல. எல்லாம் டம்மி பாட்டில்தான், இவர் என்ன நினைச்சாரோ தெரியல.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அப்படித்தானே?”

லேப் சார் ஈரத்துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாக எல்லாம் இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்தார், அவ்வளவுதான். போலீஸ் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கடை முதலாளி ஞாபகத்துக்கு வந்தார், அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். “ஆமா. அவர்கிட்ட யாரும் ஆசிட் கேக்கல” என்றேன்.

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. யாரும் கேட்கவில்லைதான். உள்ளே என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். சொல்லியிருந்தேன்.

“ஆமாம்மா, நான்தான் கொண்டாந்தேன்” என்றார் லேப் சார் டாக்டரம்மாவிடம். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, வெட்கத்தை விட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் பிரித்திருந்தார்கள். விரல்கள் உள்ளே மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தன, டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துத்தான் குடித்தார். அவர் வீட்டம்மா காபி போட எழுந்தபோது சமையலறை அலமாரியைப் பார்த்தேன். எல்லா டப்பாவிலும் லேபிள். பழையவற்றில் அந்த அச்சுக் கையெழுத்து. புதிதாக ஒட்டிய இரண்டு மூன்றில் கோணல்மாணலாக, எழுத்துக்கூட்டி எழுதிய கை: ‘உப்பு’, ‘ரவை’. அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுதியிருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

“அந்தப் பாட்டில இன்னா பண்ணீங்க மேடம்?”

“தெரியல சார். டைரக்டர்தான் அன்னைக்கே எங்கயோ கொண்டுபோய்க் கொட்டிட்டு உடைச்சிட்டார்னு நினைக்கிறேன்.”

“பின்னாடி பாத்தீங்களா?”

“பின்னாடின்னா?”

“ஒண்ணுமில்ல. பரவால்ல, காபி ஆறுது” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பின்னாடி என்றால் அதற்கப்புறம் என்று எடுத்துக்கொண்டேன். காபியைக் குடித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். மறுபடி போக ஆறு மாதம் ஆனது. அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பெரும்பாக்கம் பக்கம் மகளோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். பெரும்பாக்கத்தில் அத்தனை பிளாக்குகளில் எந்த மாடி என்று தேடுவது? இரண்டு ஞாயிறு அலைந்தேன். பிறகு விட்டுவிட்டேன், எனக்கு அதற்கு மேல் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம்.

படம் சேனலில் வந்துவிட்டது. நான் பார்க்கவே இல்லை. போன மாதம் ஆபீசில் ஒரு பெண், “அக்கா, இந்தப் பொணம் உங்கள மாதிரியே இருக்கு” என்று ஃபோனை நீட்டினாள். அந்த ஷாட்டை வெட்டவே இல்லை! அப்படியே வைத்திருந்தார்கள். குறுக்கே கைகள் வருவதும், புகைவதும், நான் கண் திறப்பதும், கடைசியில் அந்தச் சத்தமும்கூட, பின்னணி இசை போட்டு. கீழே கருத்துகள். ‘கிராஃபிக்ஸ் தாறுமாறு ப்ரோ.’ ‘அந்த அங்கிள் யாரு, கத்தறதே செட் ஆகல, ஓவர் ஆக்டிங்.’ அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்பு பொம்மைகள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் போட்டுப் பார்த்தேன். ஏன் என்று தெரியாது. விஞ்ஞானி அலமாரியிலிருந்து பழுப்புப் பாட்டிலை எடுக்கிறார். மண்டை ஓட்டு லேபிள் தெரிகிறது. மூடியைத் திறக்கிறார். சாய்க்கும்போது பாட்டில் அவர் கையில் திரும்புகிறது. அதன் பின்பக்கம் கேமராவைப் பார்க்கிறது. அங்கே ஏதோ வெள்ளையாக இருந்தது.

நிறுத்தினேன். பெரிதாக்கினேன்.

ஒரு சின்ன வெள்ளைத் தாள். முன்பக்கம் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவர் வைக்கவில்லை. வாய் திறக்கக் கூடாது என்று டைரக்டர் சொல்லியிருந்தார், திறக்கவில்லை. மேக்கப் முடிந்ததும் வழக்கம்போலப் பாட்டில்களைத் துடைத்து அடுக்க நான் வருவேன், கையில் எடுக்கும்போது கட்டாயம் பின்பக்கம் பார்ப்பேன் என்று நினைத்திருக்கிறார். மானிட்டரில் அது முழுசாக இரண்டு விநாடி தெரிந்திருக்கிறது. அறையில் ஆறு பேர் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சேனலில் எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

என் பேனாவின் பச்சை மையில், அச்சு மாதிரியான கையெழுத்தில் எழுதியிருந்தது:

‘மேடம், இது நிஜம். தொடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க.’